கமக்காரரின் கிணறும் மலேரியா நுளம்பும்

நெல்வயலில் நீர் நிற்கின்றது. நிற்கும் நீரில் நுளம்பு பெருகுகின்றது. ஆகவே மலேரியாவுக்கு வயலே காரணம் என எண்ணுவோர் பலருளர். இது முழு உண்மையன்று. இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முதன்மையான நுளம்பு அனோபிலிஸ் கூலிசிபேசிஸ் என்பதாகும். இது வெயில் படும் தெளிந்த நீரையே நாடி முட்டையிடும். ஆற்றுப் படுகையின் மணற்குட்டைகளும் பாறைக்குழிகளும் இதற்கு மிகவும் உகந்தவை. கைவிடப்பட்ட கிணறுகளிலும், இரத்தினக்கல் அகழ்ந்த குழிகளிலும், செங்கல்லுக்கு மண் எடுத்த கிடங்குகளிலும் இது பெருகும். பயிர் அடர்ந்து நிழலிட்ட வயலில் இதன் குடம்பிகள் அரிதாகவே காணப்படும்.

இதனாலேயே மழை பெய்யும்போது அல்லாமல், மழை பொய்க்கும்போது நம் நாட்டில் மலேரியா பெருகியது. 1934இல் கடும் வரட்சியினால் மகா ஓயா, தெதுறு ஓயா, களனி கங்கை ஆகியவற்றின் ஓட்டம் குன்றிப் படுகையெங்கும் குட்டைகள் தோன்றின. நோய்க்குப் பழக்கப்படாத கேகாலை, குருநாகல் பகுதி மக்களே பெரிதும் வருந்தினர். 1935 வரை நீடித்த அக்கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது.

நீரை ஆளுவதால் நுளம்பை ஆளலாமா என்பதை 1990களில் அனுராதபுர மாவட்டத்து யான் ஓயாவில் ஆராய்ந்தனர். ஓடை நீர் வற்றும் மாதங்களில் அதன் படுகைக் குட்டைகளே இந்நுளம்பின் முக்கிய பிறப்பிடம் எனக் கண்டனர். மேலேயுள்ள குளத்திலிருந்து நீரைத் திறந்துவிட்டு ஓடையின் ஆழத்தைப் பேணினால் குட்டைகள் தோன்றுவதைத் தடுக்கலாம் என்பது அவர்தம் முடிவு. மருந்து வேண்டாத முறை இது. எனினும், பாசனத்துக்கே நீர் போதாத ஆண்டில் இதைச் செய்தல் எளிதன்று.

நோய் பரவும் முறையையும் அறிதல் வேண்டும். பெண் நுளம்பே குருதி குடிக்கும். நோயாளியின் குருதியோடு அதன் வயிற்றுட் செல்லும் ஒட்டுண்ணி, பிறருக்குத் தொற்றும் நிலையை அடைய ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் ஆகும். அதற்குள் நுளம்பு இறப்பின் நோய் பரவாது. குருதி குடித்த நுளம்பு சுவரில் தங்குவதாலேயே 1946 முதல் வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. தெளித்தனர். 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். பின்னர் தெளித்தல் நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1968-69இல் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நுளம்பும் டி.டி.ரி.க்கு எதிர்ப்புப் பெற்றுவிட்டது.

உள்நாட்டில் தொற்றிய நோயாளர் 2012 ஒக்ரோபருக்குப் பின் காணப்படாமையால், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. ஒழிந்தது நோயேயன்றி நுளம்பன்று. அதன்மேல், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்னும் நுளம்பு 2016-17 காலத்தில் மன்னாரிலும், பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் கண்டறியப்பட்டது. இது கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் பெருகுவது. தோட்டக் கிணறுகளை நம்பி வாழும் வடபகுதிக் கமக்காரர் இதனைச் சிறப்பாகக் கவனிப்பாராக.

கிணற்று நீரை வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு பாருங்கள். நீர் மட்டத்தோடு ஒட்டிக் கிடைநிலையில் மிதப்பது அனோபிலிஸ் குடம்பி. தலைகீழாகச் சாய்ந்து தொங்குவது வேறினம். முட்டை நுளம்பாக மாற 7 முதல் 10 நாட்கள் போதுமாதலால், தொட்டிகளை வாரம் ஒருமுறை வெறுமையாக்கி, உட்புறம் தேய்த்து, உலரவிடல் வேண்டும். பயன்படும் கிணற்றுக்கு நுண்வலை மூடி நன்று. பயனற்ற கிணற்றைத் தூர்த்துவிடுக. கிணற்றில் மண்ணெண்ணெய் ஊற்றுவோரும் உளர். குடிநீரையும் பயிரையும் கெடுக்கும் இச்செயலை அறவே விடுக.

கப்பி மீன் குடம்பிகளை விரும்பி உண்ணும். மூடவியலாத கிணற்றிலும் தொட்டியிலும் அதனை விடலாம். ஆற்றிலும் குளத்திலும் விடலாகாது, ஆங்குள்ள சிறுமீன்களுக்குக் கேடாகும். மீன் விட்ட கிணற்றருகே பூச்சிநாசினித் தெளிகருவியைக் கழுவினால் மீன் முதலில் மடியும். மேலும், வயலில் தேவைக்கு மிஞ்சித் தெளிக்கும் பூச்சிநாசினி நுளம்புக்கும் எதிர்ப்பாற்றலை ஊட்டும்.

மலேரியா உள்ள நாட்டிலிருந்து திரும்பியவருக்குக் காய்ச்சல் கண்டால், சென்ற நாட்டை வைத்தியரிடம் கூறி உடனே குருதிப் பரிசோதனை செய்விக்க. கிணற்றில் ஐயத்துக்குரிய குடம்பிகள் காணப்படின், நீருடன் ஒரு போத்தலில் இட்டு, கிணறு உள்ள இடத்தையும் எழுதி, பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒப்படைக்குக.