பரிசுப் பட்டியலைக் கடைசி வரியிலிருந்து படி



ஜூனியர் ஆட்டங்களை முடித்துவிட்டு, தொழில்முறை டென்னிஸின் முதல் படியான எம்15 போட்டிகளில் பெயர் கொடுக்கத் தொடங்கியிருக்கும் உனக்கு, ஃபோர்ஹேண்டைப் பற்றிச் சொல்லக் கோச் இருக்கிறார். பணத்தைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் குறைவு. அதனால் இந்தக் கடிதம் முழுக்கப் பணத்தைப் பற்றியது.

2025 விம்பிள்டனில் ஒற்றையர் சாம்பியனுக்கு 30 லட்சம் பவுண்டு. அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனில் 50 லட்சம் டாலர். செய்தித்தாள்கள் இந்த முதல் வரியைத்தான் கொட்டை எழுத்தில் போடுகின்றன. உன் வீட்டில் யாராவது அதை வெட்டி அலமாரியில் ஒட்டியும் வைத்திருக்கலாம். ஆனால் டென்னிஸைத் தொழிலாகக் கொள்பவன் அந்தப் பட்டியலைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும்.

அதே விம்பிள்டன் பட்டியலின் கீழ்ப்பகுதியைப் பார். முதல் சுற்றில் தோற்றவருக்கு 66,000 பவுண்டு. இரண்டாம் சுற்றில் தோற்றால் 99,000. அப்புறம் 1,52,000, நான்காம் சுற்றில் 2,40,000, காலிறுதியில் 4 லட்சம், அரையிறுதியில் 7,75,000, இறுதியில் தோற்றவருக்கு 15,20,000. தொடக்கத்தில் ஒவ்வொரு வெற்றியும் தொகையை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகிறது. கடைசி மூன்று வெற்றிகள் ஏறக்குறைய இரட்டிப்பாக்குகின்றன. இந்தத் தொகைகளை ஒன்றோடொன்று கூட்டக் கூடாது. எந்தச் சுற்றில் உன் ஆட்டம் முடிகிறதோ அந்தச் சுற்றின் தொகை மட்டும்தான் உன்னுடையது. புதியவர்களின் பெற்றோர் பலர் இங்கேதான் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள்.

128 பேர் இறங்கும் ஆட்டத்தில் முதல் சுற்றிலேயே 64 பேர் வெளியேறுவார்கள். 66,000 பவுண்டு வீதம் அவர்களுக்கு மொத்தம் 42 லட்சத்துக்கும் மேல் போகிறது. சாம்பியன் ஒருவர் வாங்குவதைவிட அது அதிகம். கிராண்ட் ஸ்லாம் போட்டி தன் பணத்தில் பெரும் பங்கைத் தோற்பவர்களுக்கே கொடுக்கிறது, கொடுக்கவும் வேண்டும். ஏனென்றால் அந்த 64 பேரும் அங்கே வந்து சேர ஆண்டு முழுக்க உலகைச் சுற்றியவர்கள்.

இப்போது உன் படிக்கு வருவோம்.

எம்15 போட்டியின் மொத்தப் பரிசு 15,000 டாலர். ஒற்றையர் சாம்பியனுக்கு 2,160, இறுதியில் தோற்றவருக்கு 1,272, அரையிறுதியில் 752, காலிறுதியில் 438, இரண்டாம் சுற்றில் 258, முதல் சுற்றில் தோற்றவருக்கு 156 டாலர். தகுதிச் சுற்றில் தோற்றவருக்கு ஒன்றுமில்லை. நுழைவுக் கட்டணத்தையும் அவரே கட்டியிருப்பார். விம்பிள்டனில் சாம்பியன் முதல் சுற்றுக்காரரைப் போல 45 மடங்கு வாங்குகிறார். எம்15-இல் அது 14 மடங்குக்கும் குறைவு. விகிதத்தைப் பார்த்தால் கீழ்ப்படியில்தான் பங்கீடு சமமாக இருக்கிறது. ஆனால் 156 டாலரில் ஒரு வார விடுதி வாடகையே அடையாது. ரயில், விமானம், சாப்பாடு, ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் செலவு எல்லாம் அதற்கு மேல். பானையில் இருப்பதே கொஞ்சம் என்னும்போது அகப்பையில் எவ்வளவு வரும்?

இந்த இரண்டு படிகளுக்கும் இடையே இருக்கும் தூரத்தைப் புரிந்துகொள்ள சுமித் நாகலின் ஓராண்டைப் பார்த்தால் போதும். 2023 செப்டம்பரில் அவர் இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் ஆட்டக்காரர். அப்போது தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் மிச்சம் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரே ஒரு கோச்சைக் கூட அழைத்துக்கொண்டு சுற்றினாலே ஆண்டுக்கு 80 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை செலவாகிறது என்பது அவர் சொன்ன கணக்கு. ஒரு நாட்டின் முதல் ஆட்டக்காரர் அப்படிச் சொல்ல நேர்ந்தது அவருக்கு வெட்கமில்லை, இந்திய டென்னிஸுக்குத்தான் வெட்கம்.

நான்கு மாதம் கழித்து, 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில் அவர் மூன்று தகுதிச் சுற்றுகளை வென்று உள்ளே போனார். முதல் சுற்றில் 31-ஆம் தரநிலை பெற்றிருந்த அலெக்சாண்டர் பப்லிக்கை நேர் செட்களில் வீழ்த்தினார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் தரநிலை பெற்ற ஒருவரை இந்தியர் ஒருவர் வெல்வது, 1989-இல் இதே போட்டியில் நம் ரமேஷ் கிருஷ்ணன் மாட்ஸ் விலாண்டரை வென்றதற்குப் பிறகு அதுதான் முதல் முறை. இரண்டாம் சுற்றில் தோற்றார். கையில் வந்தது 1,80,000 ஆஸ்திரேலிய டாலர்.

அடுத்த மாதம் சென்னை சாலஞ்சரை வென்று உலகின் முதல் நூறு பேருக்குள் நுழைந்தார். அன்றைய செய்திகள் கோப்பையைப் பற்றிப் பேசின. கோப்பையைவிட அந்த நூறுக்குள் நுழைந்ததுதான் பெரிய விஷயம். கிராண்ட் ஸ்லாமின் 128 இடங்களில் 104 தரவரிசைப்படி நேராகக் கிடைப்பவை. 16 தகுதிச் சுற்றில் வென்றவர்களுக்கு, 8 வைல்டு கார்டுக்கு. அந்த 104-க்குள் இருந்ததால் நாகல் அதே ஆண்டு பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் மூன்றிலும் ஆடினார். மூன்றிலும் முதல் சுற்றிலேயே தோற்றார். அந்த மூன்று தோல்விகளுக்குக் கிடைத்தது 73,000 யூரோ, 60,000 பவுண்டு, 1 லட்சம் டாலர்.

நியூயார்க்கின் அந்த ஒரே ஒரு தோல்விக்குச் சமமாக நீ சம்பாதிக்க வேண்டுமானால் 46 எம்15 போட்டிகளை வென்றாலும் கொஞ்சம் குறைகிறது. இதைச் சொல்வது உன் மனத்தை உடைக்க அல்ல. எம்15-இல் 2,160 டாலருக்காக ஆடாதே என்பதற்காக. அங்கே சாம்பியனுக்குக் கிடைக்கும் 15 தரவரிசைப் புள்ளிகள்தான் உண்மையான கூலி. ஒரே ஊரில் அடுத்தடுத்து இரண்டு மூன்று வாரம் போட்டிகள் நடக்கும் இடங்களைத் தேர்ந்தெடு. முதல் சுற்றில் தோற்றாலும் அறையைக் காலி செய்யாமல் அங்கேயே பயிற்சி செய்து அடுத்த வாரம் இறங்கலாம். பயணச் செலவு மிஞ்சும். மெயின் டிராவில் இருப்பவருக்குத் தங்குமிடம் தரும் சாலஞ்சர் போட்டிக்கு உன் தரவரிசை எட்டும் நாளை முதல் இலக்காக வைத்துக்கொள்.

இரட்டையர் ஆட்டத்தை ஒதுக்காதே, ஆனால் அதன் கணக்கையும் தெரிந்துகொள். பட்டியலில் போட்டிருப்பது ஜோடிக்கான தொகை. ரோகன் போபண்ணா 43 வயதில் மேத்யூ எப்டனோடு 2024 ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றபோது ஜோடிக்குக் கிடைத்தது 7,30,000 ஆஸ்திரேலிய டாலர், ஆளுக்கு 3,65,000. அதே போட்டியில் ஒற்றையர் நான்காம் சுற்றில் தோற்றவர் வாங்கியது 3,75,000. உலகையே வென்றவரின் பங்கு, பதினாறு பேரில் ஒருவராக நின்று வெளியேறியவரின் பங்கைவிடக் குறைவு. இது நியாயமா என்ற விவாதம் டென்னிஸ் உலகில் ஓய்ந்தபாடில்லை. நியாயமில்லை என்பதே இந்தக் கடிதத்தின் கட்சி. ஆனாலும் கீழ்ப்படியில் இரட்டையர் தொகை ஒரு வாரச் சாப்பாட்டுக்கு உதவும். நெட்டுக்கு வந்து ஆடவும் கற்றுத்தரும்.

அறிவிக்கும் தொகை அப்படியே கைக்கு வருவதுமில்லை. அமெரிக்காவில் வெளிநாட்டு ஆட்டக்காரரின் பரிசில் பொதுவாக 30 விழுக்காட்டை வரியாகப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். 2025-இல் முதல் சுற்றுக்கு 1,10,000 டாலர் என்றால் கையில் 77,000. கோச், பிசியோ, விமானம், அறை எல்லாம் அதற்குள்தான். வரி விவரம் தெரிந்த ஒரு கணக்கரை, சம்பாதிக்கத் தொடங்கும் முன்பே பார்த்து வை.

பணம் இப்படிக் கூர்மையாகச் சாய்ந்திருக்கும் இடத்தில் இரண்டு சோதனைகள் வரும். முதலாவது, காயத்தோடு ஆடுவது. 2017 விம்பிள்டனில் ஒரே நாளில், ஒரே சென்டர் கோர்ட்டில், ஜோகோவிச்சின் எதிராளி கிளிசானும் ஃபெடரரின் எதிராளி டோல்கோபோலோவும் பாதியில் விலகினார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். முதல் சுற்றுத் தொகையான 35,000 பவுண்டுக்காகக் காயத்தோடு இறங்குகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. அடுத்த ஆண்டு கிராண்ட் ஸ்லாம்கள் விதியை மாற்றின: போட்டி தொடங்குமுன் உரிய நேரத்தில் விலகினால் முதல் சுற்றுத் தொகையில் பாதி அவருக்கு, மீதிப் பாதி, தகுதிச் சுற்றில் தோற்றும் அவர் இடத்தில் இறங்கும் லக்கி லூசருக்கு. நல்ல விதி. அதோடு, தரமாக ஆடாதவரின் முதல் சுற்றுத் தொகை முழுவதையும் அபராதமாகப் பிடிக்கும் அதிகாரமும் வந்தது. 2019 விம்பிள்டனில் பெர்னார்ட் டோமிக் 58 நிமிடத்தில் தோற்று 45,000 பவுண்டையும் இழந்தார். அதே ஆண்டு பிரெஞ்சு ஓப்பனில், கணுக்கால் காயத்திலிருந்து நெடுநாள் கழித்துத் திரும்பிய அன்னா தத்திஷ்விலியிடமிருந்தும் 46,000 யூரோவை அப்படியே பிடித்தார்கள். அவர் மேல்முறையீடு செய்தார், வென்றார், பணம் திரும்பியது. விதியைப் படித்து வைத்திருப்பவரால்தான் அப்படிப் போராட முடியும்.

இரண்டாவது சோதனை இருட்டானது. டென்னிஸின் நேர்மையை ஆராய்ந்த சுயாதீனக் குழு 2018-இல் தந்த அறிக்கை, சூதாட்டப் பணம் கீழ்நிலைப் போட்டிகளில்தான் அதிகம் பாய்கிறது என்றது. ஆயிரக்கணக்கானோர் ஆடுகிறார்கள், சிலர் மட்டுமே செலவை ஈடுகட்டுகிறார்கள் என்ற அமைப்பையே அது ஒரு காரணமாகக் காட்டியது. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் சொந்த ஆய்வே, தொழில்முறையில் ஆடும் சுமார் 14,000 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் பரிசுப் பணமாக ஒரு காசும் பார்ப்பதில்லை என்று சொன்னது. ஒரு செட்டை விட்டுக்கொடுத்தால் சாம்பியன் தொகையைப் போலப் பல மடங்கு தருகிறேன் என்று ஒருநாள் உன் கைபேசிக்கு ஒரு செய்தி வரலாம். பதில் போடாதே. அன்றே டென்னிஸ் நேர்மை அமைப்புக்குத் தெரிவி. பணம் வாங்காமல் சும்மா இருந்துவிட்டாலும், தெரிவிக்காமல் விட்டது தனிக் குற்றம். உன் வாழ்க்கை அதிலேயே முடிந்துபோகலாம்.

இந்தப் பட்டியல்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல, தம்பி. 1968-இல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு வாசல் திறந்த முதல் விம்பிள்டனில் வென்ற ராட் லேவருக்கு 2,000 பவுண்டு, பில்லி ஜீன் கிங்குக்கு 750. அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனை வென்ற ஆர்தர் ஆஷ் அமெச்சூராக இருந்ததால் 14,000 டாலரைத் தொட முடியவில்லை. இறுதியில் அவரிடம் தோற்ற டாம் ஒக்கர் அதை வாங்கிக்கொண்டு போனார். ஆஷுக்குக் கிடைத்தது நாளுக்கு 20 டாலர் படி. 1970-இல் ரோம் போட்டியை வென்ற நஸ்டாசேக்கு 3,500 டாலர், பில்லி ஜீனுக்கு 600. அந்த செப்டம்பரில் ஹூஸ்டனில் ஒன்பது பெண்கள் ஆளுக்கு ஒரு டாலருக்கு ஒப்பந்தம் போட்டு, தனியாகப் போட்டி தொடங்கினார்கள். அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் தடைக்கு அஞ்சாமல் செய்தார்கள். மூன்றே ஆண்டில் அமெரிக்க ஓப்பன் இருபாலருக்கும் 25,000 டாலர் என்று சமமாக்கியது. விம்பிள்டன் அதற்கு 2007 வரை எடுத்துக்கொண்டது. ரோம் இன்னும் மெதுவாக நடந்தது: 2023-இல் அங்கே வென்ற மெத்வதேவுக்கு 11 லட்சம் யூரோவுக்கு மேல், ரைபாக்கினாவுக்கு 5,21,754. உன்னோடு அதே கோர்ட்டில், அதே வெயிலில் பயிற்சி செய்யும் பெண்களும் இந்தத் தொழிலுக்குத்தான் வருகிறார்கள். அவர்கள் பங்கைப் பற்றிப் பேச்சு வரும்போது நீ அவர்கள் பக்கம் நில்.

கீழே இருப்பவர்களுக்கும் கொஞ்சம் வெளிச்சம் வந்திருக்கிறது. 2024-இல் ஆடவர் சங்கமான ஏடிபி, முதல் நூறு பேருக்கு ஆண்டுக்கு 3 லட்சம் டாலர், 175 வரை 1,50,000, 250 வரை 75,000 என்று குறைந்தபட்ச வருமானத்துக்கு உத்தரவாதம் கொடுத்தது. 2025-இல் முன்னணி ஆட்டக்காரர்கள் நான்கு கிராண்ட் ஸ்லாம்களுக்கும் சேர்ந்து கடிதம் எழுதி, வருவாயில் ஆட்டக்காரர்களின் பங்கைக் கூட்டக் கேட்டார்கள். அந்தப் பங்கு கூடினால் அது முதலில் 250-க்கு வெளியே இருப்பவர்களைப் போய்ச் சேர வேண்டும். நாளை உனக்கு ஆட்டக்காரர் கூட்டத்தில் ஒரு நாற்காலி கிடைத்தால் இதைக் கேட்க மறக்காதே.

அதுவரை ஒரு கோடு போட்ட நோட்டு போதும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. ஒவ்வொரு ஞாயிறும் எழுது. அடுத்த எம்15-க்குப் பெயர் கொடுக்கும் முன், அதன் பரிசுப் பட்டியலின் கடைசி வரியை அப்பா அம்மாவிடம் காட்டு. முதல் சுற்றில் தோற்றால் அந்த வாரம் கையிலிருந்து எவ்வளவு போகும், அப்படி எத்தனை வாரத்தை வீடு தாங்கும் என்று மூவரும் உட்கார்ந்து பேசிவிட்டு, அப்புறம் ராக்கெட் பையை எடு.