குடிபெயர்தலும் குடியொன்றுதலும்

கொல்லிமலையிலுள்ள நாடுகளுள் குண்டனி நாடும் ஒன்று. ஈண்டு நாடு என்பது பல சிற்றூர்கள் கூடிய மலைப்பகுதியாம். அங்கு வாழும் மக்களுள் மிகப் பெரும்பாலோர் மலையாளிகள் எனப்படுவர். அவரைக் கேரள தேசத்தாரென மயங்கற்க. அவர்தம் தாய்மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்து வேளாளரென்றும், அங்கிருந்து புறப்பட்ட சகோதரர் மூவரின் வழியினரே மலைகளிற் குடியேறினரென்றும் அவர் கூறும் கர்ண பரம்பரையை, தர்ஸ்டன் துரை 1909இல் வெளியிட்ட தம் நூலிற் குறித்துள்ளார்.

மக்கள் குடிபெயர்வது எதனால்? 1885இல் ராவன்ஸ்டைன் என்பார், பெயர்வோருட் பெரும்பாலோர் அண்மையிடங்களுக்கே செல்வரென்றும், ஒவ்வோர் ஓட்டத்திற்கும் ஓர் எதிரோட்டம் உண்டென்றும் வகுத்தனர். 1966இல் எவரெட் லீ என்பார், இருந்தவிடத்தின் குறையும் புகுமிடத்தின் நலனும் மட்டுமன்றி, இடைநின்று தடுப்பனவும் சேர்ந்தே முடிவை ஆக்குமென்றனர். 1985இல் ஸ்டார்க், புளூம் என்னும் இருவர், முடிவு செய்வது தனியாள் அன்று, குடும்பமே என்றனர். விளைவு பொய்த்தவிடத்தும் உணவுக்கு வழியிருக்குமாறு ஒருவரை வெளியே அனுப்புதல் குடும்பத்திற்குக் காப்பாம்.

இக்கொள்கைகளைக் கொல்லிமலையில் வைத்து நோக்குவோம். சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலங்கள் பல, ஜவ்வரிசி ஆலைகளுக்குரிய மரவள்ளி நிலங்களாயின. வீட்டிலே தானியம் வைத்திருந்த குடும்பம் சந்தை விலையை எதிர்நோக்கலாயிற்று. விலை தாழ்ந்த ஆண்டில், சமவெளியில் ஒருவர் ஈட்டும் கூலி மற்றவரைத் தாங்கும். 70 கொண்டையூசி வளைவுகளையுடைய சாலை இடைத்தடையைக் குறைத்தது. ஏறி வந்தோர் வழியினர் இறங்கிச் செல்லுதல் மேற்கூறிய எதிரோட்டமேயாம்.

இனி, புகுந்தவர் புகுந்தவிடத்தாராவது எப்போது? இம்மக்கள் மலையின் பெயரையே தம் பெயராகக் கொண்டனர். சரிவுகளைத் திருத்திப் படிவயல்கள் ஆக்கினர். ஆயினும் ஒன்றுதல் புகுவோர் முயற்சியால் மட்டும் முற்றுவதன்று. ஏற்போரும் ஏற்றல் வேண்டும். 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தர்மபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் வாழும் மலையாளிகளையே பழங்குடியினர் பட்டியலில் வைத்தது. கொல்லிமலை அந்நாளிற் சேலத்தைச் சார்ந்திருந்தமையால் உள்ளடங்கிற்று. கோயம்புத்தூர் மாவட்டமோ அதிற் குறிக்கப்படவில்லை. ஆதலின், பின்னர் ஈரோடு மாவட்டத்தின்பாற்பட்ட பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் அப்பட்டியலுக்குப் புறம்பாயினர். பெயர் ஒன்றாயிருந்தும், மாவட்ட எல்லையால் உரிமை வேறாயிற்று.

ஆகவே இப்பொருளைக் கற்கும் மாணவர், வந்தவர் ஏன் வந்தாரென வினவுவதோடு அமையாது, வந்தவரை நாம் எவ்வாறு ஏற்றோமென்பதையும் ஆராய்தல் கடனாம்.