குடியை விட்டவர் கை கொடுப்பார்



"நாளையிலிருந்து தொடமாட்டேன்" என்று சத்தியம் செய்தவர், மறுநாளே குடித்துவிட்டு வருகிறாரா? அது திமிர் மட்டுமல்ல, நோய். சண்டை போட்டு அதைத் தீர்க்க முடியாது.

முதலில் டாக்டர்: தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம், உயிருக்கும் ஆபத்து. அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தாய்மார்களே, அவருக்குத் தெரியாமல் குழம்பில் மருந்து கலக்காதீர்கள். சில மருந்தோடு சாராயம் சேர்ந்தால் உயிரே போய்விடும்.

அடுத்து கூட்டம்: பட்டவனுக்குத்தானே வலி தெரியும்? 1935-ல் அமெரிக்காவில் குடிநோயாளிகளான ஒரு வியாபாரியும் ஒரு டாக்டரும் ஒருவரையொருவர் தாங்கிக் குடியை விட்டார்கள். அப்படிப் பிறந்ததே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. கட்டணம் கிடையாது. வந்தவர் பேரை வெளியில் சொல்லமாட்டார்கள். "இன்னிக்கு ஒரு நாள் குடிக்கமாட்டேன்" என்பதே அங்கே பாடம்.

பலன் உண்டா? உண்டு. 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான முடிவு இது: இக்கூட்டங்களுக்கு முறையாக வழிகாட்டிய சிகிச்சையில், ஓராண்டு கழித்து 100-க்கு 42 பேர் குடிக்காமலிருந்தனர், மற்ற சிகிச்சைகளில் 35 பேர். ஆகவே எல்லோருக்கும் பலிக்கும் என்றில்லை. சறுக்கினவரை ஏசாமல் மறுபடி அனுப்புங்கள்.

வீட்டாருக்கு: குடும்பத்தாருக்கென்றே 1951-ல் தொடங்கியது 'அல்-அனான்'. அடி உதையைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். 181-க்குப் போன் செய்யுங்கள். குடி, போதை நிறுத்த யோசனை கேட்க 14446.

இன்று ஒரு நாள் வென்றால் நாளைக்கும் வழி உண்டு!