"யெஸ் மிஸ்!" என்ற ஒற்றைக் குரலைத் தாண்டி: ஆங்கில ஆசிரியர்களுக்கு நான்கு வாரப் பாடம்

பாடம் முடிந்ததும் ஆசிரியர் "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்கிறார். "யெஸ் மிஸ்!" என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொல்கிறது. அடுத்த நிமிடமே கடைசி பெஞ்ச் மாணவியிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டால், பதில் வராது. நம்ம ஊர் ஆங்கில வகுப்பில் உட்கார்ந்திருந்த யாருக்கும் இது புதுசு இல்லை.

அந்த மாணவியின் வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் இல்லை, தெருவிலும் இல்லை. ஆங்கிலத்தில் ஒருவர் கேட்டு, அவர் பதில் சொல்கிற வாய்ப்பு அந்த ஒரு பாடவேளையில் மட்டும்தான் கிடைக்கிறது. அங்கேயும் வாய் திறக்கவில்லை என்றால், கல்லூரி சேர்க்கையிலும் வேலை நேர்காணலிலும் அதற்கான விலையைக் கொடுக்கப்போவது அவர்தான். அதனால்தான் ஆங்கில ஆசிரியரின் தொழில் வளர்ச்சி, ஒரு குடும்பத்தின் பிரச்சினையும்கூட.

தொழில் வளர்ச்சி என்றதும் பயிற்சி முகாம், கையெழுத்து, சான்றிதழ் என்றுதான் நினைவுக்கு வரும். அதெல்லாம் தேவைதான். ஆனால் முகாமில் கேட்டது வகுப்பறைக்குள் வந்து சேர, ஆசிரியர் தானே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

நம்ம மாநிலத்தின் பழைய அனுபவம்

1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அன்றைய மதராஸ் மாநிலத்தில் ஆரம்பநிலை ஆங்கிலம் கற்பிக்கும் சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் பெரிய முயற்சி நடந்தது. 'மதராஸ் பனிப்பந்து' என்றே அது ஆங்கிலக் கல்வி உலகில் பெயர் பெற்றது. சிலருக்கு முதலில் பயிற்சி, அவர்கள் பலருக்குப் பயிற்சி. பனிப்பந்து உருள உருளப் பெரிதாவதுபோல.

இந்த முறையில் குறைந்த காலத்தில் நிறையப் பேரை எட்டலாம். இன்றைக்கும் மாநிலம், மாவட்டம், வட்டார வள மையம், குறுவள மையம் என்று பயிற்சி படிப்படியாக இறங்கி வருவதைப் பார்க்கிறோம். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சம் நழுவிவிடும். 'என்ன செய்யணும்' என்பது வந்து சேரும். 'ஏன் செய்யணும்' என்பது வழியிலேயே தங்கிவிடும்.

அந்த 'ஏன்'-ஐப் பிடித்துக்கொண்டவர் சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் அவர் குழுவினர் ஒரு சோதனை நடத்தினார்கள். உலகம் முழுக்க ஆங்கிலக் கல்வி படிப்பவர்கள் இதை 'பெங்களூர் திட்டம்' என்று அறிவார்கள். இலக்கண விதியை முதலில் சொல்லித் தராமல், வரைபடம், ரயில் கால அட்டவணை போன்றவற்றைக் கொடுத்து, யோசித்துத் தீர்க்க வேண்டிய வேலையாகப் பாடத்தை மாற்றினார்கள்.

1990-இல் வெளியான ஒரு கட்டுரையில் பிரபு சொன்னதன் சாரம் இது: எல்லாருக்கும் பொருந்தும் ஒரே சிறந்த முறை என்று எதுவும் கிடையாது. 'இப்படிச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் இதனால் கற்றுக்கொள்கிறார்கள்' என்று ஆசிரியருக்கே உள்ளுக்குள் ஒரு தெளிவு இருக்க வேண்டும். அது உயிரோடு இருக்கும்வரை பாடமும் உயிரோடு இருக்கும். எந்திரம் மாதிரி நடத்த ஆரம்பித்தால், எந்த நல்ல முறையும் பலன் தராது.

சரி, அந்தத் தெளிவை எப்படி வளர்ப்பது? நான்கு வாரம் ஒதுக்குங்கள். கையில் இருக்கும் போன் போதும்.

முதல் வாரம்: உங்கள் குரலைக் கேளுங்கள்

போனை மேசையில் வைத்து, பாடத்தின் 15 நிமிடத்தை ஆடியோவாகப் பதிவு செய்யுங்கள். வீட்டில் கேட்டுப் பார்த்து மூன்றே விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. எத்தனை கேள்வி கேட்டீர்கள்?
2. எத்தனை மாணவர்கள் தனியாகப் பதில் சொன்னார்கள்?
3. கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி காத்திருந்தீர்கள்?

மூன்றாவது எண் நிறையப் பேருக்கு ஆச்சரியம் தரும். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் கண்டறிந்தார். அதை 3 விநாடியோ அதற்கு மேலோ ஆக்கியபோது பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் இருப்பவர்கள் குறைந்தார்கள். அவர் ஆராய்ந்தது அறிவியல் வகுப்புகளை. மனசுக்குள் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு அந்தக் கூடுதல் விநாடிகள் இன்னும் அவசியம், இல்லையா?

இரண்டாம் வாரம்: ஒரே ஒரு மாற்றம்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றப் போகாதீர்கள். கேள்வி கேளுங்கள், மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள், பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பெயரை முதலில் சொன்னால், 'நம்மைக் கேட்கலை' என்று மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

"அண்டர்ஸ்டாண்ட்?" என்ற கேள்வியையும் ஒரு வாரம் ஓய்வெடுக்க விடுங்கள். அதற்குப் பதிலாக "இஸ் த கிராமர் புக் ஆன் த டேபிள் ஆர் இன் த பேக்?" மாதிரி, ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டிய கேள்வி கேளுங்கள். தலையாட்டித் தப்பிக்க முடியாது.

மூன்றாம் வாரம்: பேச ஒரு காரணம் கொடுங்கள்

கும்பகோணம்–தஞ்சாவூர் பேருந்து நேரப் பட்டியல் ஒன்றை நீங்களே எழுதுங்கள். இரண்டு தாள். ஒரு தாளில் புறப்படும் நேரம் மட்டும், இன்னொன்றில் சேரும் நேரம் மட்டும். இருவர் இருவராக உட்கார வைத்து, தாளைக் காட்டாமல் கேட்டுக் கேட்டு நிரப்பச் சொல்லுங்கள். "வென் டஸ் த ஃபர்ஸ்ட் பஸ் லீவ்?" என்று கேட்காமல் வேலை முடியாது. தப்பாகப் பேசினாலும் நிறுத்தாதீர்கள். பலரும் செய்யும் தவறு ஒன்றைக் குறித்துவைத்து, முடிந்தபின் கரும்பலகையில் பேசுங்கள்.

நான்காம் வாரம்: ஒரு சக ஆசிரியரிடம் சொல்லுங்கள்

மறுபடி 15 நிமிடம் பதிவு செய்து, அதே மூன்று எண்களை ஒப்பிடுங்கள். எது மாறியது, எது மாறவில்லை, ஏன் என்று ஒரு சக ஆசிரியரிடம் பேசுங்கள். குறுவள மையக் கூட்டத்திலும் சொல்லலாம். இது யாருக்கும் மதிப்பெண் போடும் வேலை கிடையாது. மாணவர்களின் குரலோ படமோ உள்ள பதிவை வாட்ஸ்ஆப் குழுக்களில் போடவே கூடாது. வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

உங்கள் ஆங்கிலத்துக்கு தினமும் 10 நிமிடம்

உச்சரிப்பில் தயக்கம் இருந்தால் கூச்சப்பட வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் அகராதித் தளங்களில் ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தினால் சொல்லைக் கேட்கலாம். நாளைய பாடத்தின் ஒரு பத்தியைச் சத்தமாகப் படித்து, பதிவு செய்து, ஒப்பிடுங்கள்.

எங்கே கற்கலாம்?

• தீக்ஷா செயலி: இலவசம். பாடநூலில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொலிகள் வரும். ஆசிரியர் பயிற்சிப் பாடங்களும் உண்டு.

• ஸ்வயம் தளம்: ஒன்றிய அரசின் இணையவழிப் படிப்புகள். படிக்கக் கட்டணம் இல்லை. சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு.

• தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம், பெங்களூரு: 1963 முதல் தென்மாநில ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தலில் பயிற்சி தருகிறது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் துறை வழியாகத்தான் அனுப்பப்படுவார்கள். அறிவிப்பு வரும்போது தலைமையாசிரியரிடம் விருப்பம் தெரிவியுங்கள்.

• பிரிட்டிஷ் கவுன்சிலின் 'டீச்சிங் இங்கிலீஷ்' தளம்: பாடத் திட்டங்களும் ஆசிரியர்களுக்கான இலவசக் கட்டுரைகளும் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை: 'இரண்டே நாளில் சர்வதேச ஆங்கில ஆசிரியர் சான்றிதழ்' என்று லிங்க் வந்தால் அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். யார் வழங்குகிறார்கள், உங்கள் துறையோ பள்ளியோ அதை ஏற்குமா என்று முதலில் விசாரியுங்கள். ஓடிபி யாருக்கும் சொல்ல வேண்டாம். ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

ஆங்கில வகுப்பில் பிள்ளைகள் சத்தமாக இருவர் இருவராகப் பேசிக்கொண்டிருந்தால், 'கிளாஸ் கட்டுப்பாடே இல்லை' என்று நினைத்துவிடாதீர்கள். பாடம் அங்கேதான் நடக்கிறது. மாலையில் "இன்னைக்கு இங்கிலீஷ்ல எத்தனை பக்கம் எழுதின?" என்று கேட்பதோடு, "யார்கிட்ட என்ன பேசின?" என்றும் கேளுங்கள்.