வேரிலும் முள்ளில்லாத பிளாக்பெரி

தோலில் முள் இல்லாமை வேறு. வேரிலும் முள் இல்லாமை வேறு. இவ்வேறுபாட்டை அமெரிக்க நாட்டு வீட்டுத் தோட்டங்களில் வளரும் பிளாக்பெரிச் செடியைக் கொண்டு இங்குக் கற்போம்.

பிளாக்பெரி ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. பல சிறுகனிகள் ஒன்றுகூடிய திரள்கனி அது. வேர் பல்லாண்டு வாழும். தண்டின் ஆயுளோ இரண்டே ஆண்டுகள். பெரும்பாலான வகைகளில் முதலாண்டில் வளரும் தண்டு மறு ஆண்டில் பூத்துக் காய்த்து மடியும். மடிந்த தண்டை வெட்டிப் புதியதைக் காத்தல் வேண்டும். முட்புதரில் இப்பணியும் கனி பறித்தலும் கையைக் கிழிக்கும். ஆகவே முள்ளில்லா வகையை மக்கள் நாடினர்.

1926ஆம் ஆண்டில் ஒரிகன் மாநிலத்தில் 'தார்ன்லெஸ் எவர்கிரீன்' என்னும் வகை கண்டறியப்பட்டது. அதில் புறத்தோல் அடுக்கு மட்டுமே மாறியிருந்தது. உள்ளே இருந்தது பழைய முட்செடியே. குளிரில் தண்டு கருகினாலோ, மண்வெட்டி வேரைக் காயப்படுத்தினாலோ, வேரிலிருந்து எழும் தளிர் முள்ளுடன் வரும். அறியாமல் வேர்த்துண்டுகளை நட்டவர் முட்புதரையே வளர்த்தவராவர்.

இங்கிலாந்தின் ஜான் இன்ஸ் நிறுவனம் தந்த 'மெர்ட்டன் தார்ன்லெஸ்' வகையில் முள்ளின்மை செடி முழுவதிலும் இருந்தது. எனினும் அது ஒடுங்கு பண்பு. அதற்குரிய மரபுக்காரணி ஒரு செடியில் நான்கு படிகளாக உள்ளது. நான்கும் முள்ளின்மைக்குரியனவாக அமைந்தாலன்றி முள் மறையாது. தூய முட்செடியுடன் கலந்தால் முதல் தலைமுறை முழுவதும் முள்ளுடனேயே பிறக்கும். அவற்றைத் தம்முள் கலந்தால், கணக்கின்படி 36 நாற்றுகளில் 1 மட்டுமே முள்ளின்றி முளைக்கும். பொறுமையின்றி இப்பணி கைகூடாது என்பதை இக்கணக்கே காட்டுகிறது.

இம்மரபின் வழியே அமெரிக்க வேளாண் துறை 1966இல் 'தார்ன்ஃப்ரீ', 'ஸ்மூத்ஸ்டெம்' ஆகிய வகைகளை வெளியிட்டது. அவற்றின் தண்டுகள் வளைந்து சாய்வதால் கம்பிப்பந்தல் தேவைப்பட்டது. ஆர்க்கன்சா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மூர் 1964இல் தொடங்கிய ஆய்வின் பயனாக, 1980களின் இறுதியில் 'நவஹோ' வந்தது. முள்ளின்றித் தானே நிமிர்ந்து நிற்கும் முதல் வகை இதுவே. வேர்த்துண்டை நட்டாலும் முள் வாராது. கனி உறுதியாகவும் இனிப்பாகவும் இருப்பதால் உள்ளூர்ச் சந்தைக்கும் ஏற்றது.

பறிக்கும் பருவத்தையும் அறிதல் நன்று. கருத்துப் பளபளக்கும் கனி இன்னும் புளிக்கும். பளபளப்பு மங்கிய பின்னரே இனிக்கும். பறித்த பின் அதன் இனிப்பு கூடுவதில்லை. காலைக் குளிர்ச்சியில் பறித்து, ஆழமற்ற பெட்டிகளில் பரப்பி வைத்தால் நசுங்காது.

நாற்று வாங்குவோர் தண்டைத் தடவிப் பார்த்தால் மட்டும் போதாது. "இதன் வேரிலிருந்து எழும் தளிரிலும் முள் இராதன்றோ?" என்று கேட்டறிதல் வேண்டும்.