நொதியில் தொடங்கி இன்சுலின் வரை

புரதம் என்றதும் பருப்பும் முட்டையும்தாம் நம் நினைவுக்கு வரும். மருந்தாகும் புரதங்களும் உண்டு. இன்சுலின் அவற்றுள் ஒன்று. 51 அமினோ அமிலங்களை இரண்டு சரங்களாகக் கோத்தது அது. வாயால் உட்கொண்டால் வயிறு அதையும் பருப்பைப் போலவே செரித்துவிடும், ஆகவேதான் ஊசி. நீரிழிவின் ஒருவகை சிறு குழந்தைகளுக்கும் வரும். அவர்களுக்கு வாழ்நாள் முழுதும் நாள் தவறாமல் இன்சுலின் வேண்டும். விலை எட்டாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

1922-ல் கனடாவின் டொரோண்டோ நகரில் ஒரு சிறுவனுக்கு இது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதன்பின் அறுபது ஆண்டுகள் பன்றி, மாடு இவற்றின் கணையத்திலிருந்தே எடுத்துவந்தனர். 1982-ல் அமெரிக்காவில், பாக்டீரியாவைக் கொண்டு ஆக்கிய மனித இன்சுலினுக்கு அனுமதி கிடைத்தது.

இத்தகைய மருந்துக்கு ஒரு கம்பெனி தொடங்குவது எளிதன்று. புரதத்தை உயிருள்ள செல்தான் ஆக்கித் தரவேண்டும். இட்லிமாவு புளிப்பதைக் கண்ட நமக்கு இது விளங்கும்: அதே அரிசி, அதே உளுந்து, ஆனால் மார்கழியில் ஒருவிதம், சித்திரையில் ஒருவிதம். தொட்டியில் சூடு சற்று மாறினாலும் சரக்கு மாறிவிடலாம். ஆகவே பழைய மருந்துக்கு ஒத்ததே இது என்று நோயாளிகளிடம் சோதித்து மெய்ப்பிக்கவேண்டும். செலவு முதலில், வரவு கடைசியில்.

பெங்களூரில் திருமதி கிரண் மஜும்தார் ஷா இந்த முடிச்சை அவிழ்த்த விதம் நாம் அறியத்தக்கது. 1978-ல், தம் 25-ஆம் வயதில், வாடகை வீட்டுக் கார் கொட்டகையில் 10,000 ரூபாய் முதலுடன், அயர்லாந்துக் கம்பெனி ஒன்றின் கூட்டில் பயோகானைத் தொடங்கினார். இளம்பெண், ஈடு காட்டச் சொத்துமில்லை. வங்கிகள் கடன் தரத் தயங்கின. முதலில் அவர் மருந்தைத் தொடவேயில்லை. பப்பாளிப் பாலிலிருந்து பப்பாயின் என்னும் நொதியை எடுத்து ஏற்றுமதி செய்தார். (நம் கொல்லையில் காயைக் கீறினால் வடியும் அதே பால்தான்!) பின்னர் நுண்ணுயிர்களைத் தொட்டியில் வளர்த்து வேறு நொதிகளை ஆக்கினார். குறுவையில் கண்ட காசைச் சம்பாவில் போடும் நம் பக்கத்து உழவரைப்போல, அந்த வருவாயை மருந்து ஆராய்ச்சியில் போட்டார். காசைவிட, நுண்ணுயிர் வளர்க்கும் கைப்பழக்கமே பெரிய முதல் என்பது நம் கருத்து.

2004-ல் பயோகானின் இன்சுலின் வெளிவந்தது. புதுமருந்து தேடி அலையாமல், உலகம் நன்கறிந்த மருந்தையே பிக்கியா என்னும் ஈஸ்ட்டில் ஆக்கினர். 2007-ல், வளர்த்துவிட்ட நொதித் தொழிலையே டென்மார்க் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டனர். மனம் வருமா? வந்தது. 2019-ல், வசதி குறைந்த நாடுகளுக்கு நாளொன்றுக்கு 10 அமெரிக்க சென்ட்டுக்கும் குறைவாக மனித இன்சுலின் தர முன்வந்தனர். 2022-ல் 300 கோடி டாலருக்கும் மேல் விலைபேசி, வெளிநாடுகளில் விற்பனை செய்துவந்த கூட்டாளியின் தொழிற்பிரிவை வாங்கினர். அதனால் பெருங்கடனும் ஏறியது. அது துணிவா அவசரமா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு.

விலை குறைந்தாலும் ஒரு தொல்லை மீதியிருக்கிறது. பெங்களூரிலிருந்து நன்னிலத்து மருந்துக்கடை வரை, இன்சுலின் புட்டி 2 முதல் 8 டிகிரிக் குளிரிலேயே வந்து சேரவேண்டும். உறைந்துபோனாலும் கெட்டது, வெயில் பட்டாலும் கெட்டது.