மைனா எப்போ பறக்கும்?

கேன்டீன் வாசலில் சமோசா துணுக்கு பொறுக்கும் மைனாவை நோக்கி நேரா நடந்து பாருங்க. ரொம்பக் கிட்ட போற வரைக்கும் அசையாது. வயல்வெளி மைனா பெரும்பாலும் தூரத்திலேயே பறந்துடும். அது கிளம்பும்போது உங்களுக்கும் அதுக்கும் நடுவுல இருந்த இடைவெளிதான் ‘தப்பியோடும் தூரம்’. அளக்க ஒரு டேப் போதும்.

பார்த்த உடனே விலங்கு ஓடாதுன்னு 1986-ல் ஐடன்பெர்க், டில் இருவரும் விளக்கினாங்க. ஓடினா இரை போச்சு, நின்னா உயிரே போகலாம். நிற்பதன் ஆபத்து ஓடுவதன் நஷ்டத்தைத் தொடும்போதுதான் கிளம்பும். நம்ம ஆப்டிமைசேஷன் பேப்பர்தான், ஆனா மைனாவுக்கு அரியர் கிடையாது!

தினமும் நம்மைப் பார்த்தும் ஒண்ணும் ஆகலைன்னா தூரம் சுருங்கும். மானுக்கு பிஸ்கட் நீட்டும்போது நீங்க சுருக்குறதும் அதைத்தான். அடுத்து வர்றவன் கையில் கண்ணி இருந்தாலும், அது அவ்வளவு கிட்டத்தான் நிற்கும்.